கொம்படிமேட்டுச் சாலை

ஓஸ்வால்டின் புள்ளி கடலில் நின்றது.

சங்கமித்ரா முதலில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். விடியலில் கணவனும் மகளும் காரில் கிளம்பியதிலிருந்து அந்தப் பச்சைப் புள்ளியைத்தான் வேலைக்கு நடுவே கைப்பேசியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓசூர், திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, சிதம்பரம் என்று அது நல்ல பிள்ளையாகச் சாலைக்கோட்டை விட்டு விலகாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது தரங்கம்பாடியைத் தாண்டியதும் சாலைக்கோட்டிலிருந்து இறங்கி, கரையின் மெல்லிய மஞ்சளையும் கடந்து, நகக்கண் அளவு நீலத்துக்குள் போயிருந்தது. சிக்னல் கோளாறு. வரைபட வேலையே பார்ப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அவள் இருந்த லிங்கராஜபுரத்து வீட்டில் மத்தியானத்திலிருந்தே தூறல். ஜன்னலுக்கு வெளியே மாலை வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. தூரத்தில் ரயில் ஒன்று மேம்பாலத்துக்கு அடியில் கடகடவென்று போனது. மாடியில் வீட்டுக்காரம்மா எண்ணெய் காயவைத்து எதையோ பொரிக்கிற வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள்.

புள்ளி நகர்ந்திருந்தது. நீலத்துக்குள்ளேயே.

சிக்னல் தவறினால் புள்ளி குதிக்கும். இங்கே தெரியும், அங்கே தெரியும், திடீரென்று சரியாகிவிடும். இது குதிக்கவில்லை. மெதுவாக, ஒரே சீராக, வலப்பக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு சாலை வளைகிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

அந்த வளைவை அவள் பார்த்திருக்கிறாள். இன்று காலையில்தான்.

டீயைக் கீழே வைத்தாள்.

அவள் வேலை அப்படிப்பட்டது. மனிதர்கள் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் மெல்லிய தடம் விழுகிறது. வரைபடத்தில் கோடே இல்லாத இடத்தில் நிறையத் தடங்கள் சேர்ந்தால், 'இங்கே ஒரு வழி இருக்கிறதோ' என்று அது சங்கமித்ராவின் திரைக்கு வரும். அவள் பார்த்து, சரி என்றால் அது சாலை. அடுத்த நிமிடத்திலிருந்து செயலி அதில் வண்டிகளை அனுப்பும். நாளை வேளாங்கண்ணியில் கொடியேற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டமும் பேருந்துகளுமாக அடைத்துக் கிடந்தது. மாற்று வழி எது வந்தாலும் சீக்கிரம் திறந்துவிடுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த வேலைக்காகத்தான் அவள் வீட்டில் தங்கினாள். போன வருஷம் டெங்குவில் பிழைத்த ஜோவிட்டாவுக்கு மாதாவிடம் முடி காணிக்கை நேர்ந்துகொண்டதே அவள்தான். மதம் தாண்டிக் கட்டிக்கொண்ட புருஷனின் சாமியிடம், புத்தர் படம் வைத்த வீட்டில் வளர்ந்த அவள். "நேந்துக்கினவ நீ, மொட்டை போடுறது என் பொண்ணா?" என்று ஓஸ்வால்ட் கேலி செய்துகொண்டுதான் கிளம்பினான்.

காலையில் வந்த அந்தத் தடங்கள் நடை வேகத்தில் இருந்தன. பக்தர்கள், லாரிகளுக்குப் பயந்து கடலோரமாக நடக்கிறார்கள் என்று நினைத்தாள். ஒரு லாரி தாராளமாகப் போகும் அகலத்துக்குப் பரவியிருந்தன. பழைய நில அளவை வரைபடத்தை அடியில் வைத்துப் பார்த்தாள். அதே வளைவில், கொம்படிமேடு என்ற குப்பத்தின் வழியாக ஒரு சாலை இருந்தது. தடமும் பழைய வரைபடமும் ஒத்துப்போனால் அவர்கள் யாரும் அதற்குமேல் நோண்டுவதில்லை. அவளும் நோண்டவில்லை. திறந்துவிட்டாள்.

இப்போது வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, ஓஸ்வால்டின் புள்ளியையும் அதில் கொண்டுவந்தாள்.

தண்ணீர். சாம்பலும் பச்சையுமாக, அலை நுரையின் வெள்ளைச் சுருக்கங்களோடு, வெறும் தண்ணீர். அதன்மேல் அவள் திறந்த சாலை.

ஓஸ்வால்டை அழைத்தாள். மணி அடிக்கவே இல்லை; நேரே எடுத்துவிட்டான்.

"மித்து! சக்கத்தா இருக்குடி உன் ரோடு. ஹைவேல எறும்பு மாதிரி ஜனம். ஆப்பு லெஃப்டு எடுன்னுச்சி, எடுத்தேன். ஒரு லாரி இல்ல, ஒரு டோல் இல்ல. ரெண்டு பக்கமும் சவுக்கு மரம்."

அவன் குரல் சந்தோஷமாக இருந்தது. அவன் குரலுக்குப் பின்னால் என்ஜின் சத்தம் இருக்க வேண்டும். இல்லை. ஈரமான எதையோ பெரிய கைகள் மெல்ல மெல்லத் தடவிக்கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

"ஓஸ்வா, கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"இன்னா கேள்வி இது? லெஃப்டுல தான..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இரு. ரெண்டு பக்கமும்தான் கேக்குது."

"வேற வண்டி ஏதாவது?"

"வண்டி இல்ல. நடந்து போறவங்கதான். நெறைய பேரு. வழி விடவே மாட்டேன்றாங்க, அவங்க பின்னாடியே உருட்டிக்கினு போறேன்."

"அம்மா," என்று ஜோவிட்டாவின் குரல் குறுக்கே வந்தது. ஏழு வயதுக் குரல், ரகசியம் பேசுகிற குரல். "இவங்க நடந்தா சத்தமே வரலம்மா. நான் டாட்டா காட்டினேன். யாருமே திரும்பல."

"வண்டியத் திருப்பு ஓஸ்வா. இப்பவே."

"ஏய், இன்னா ஆச்சு?"

"திருப்புன்னா திருப்பு!"

கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மூச்சு. பிறகு, முன்னைப்போல இல்லாத ஒரு குரல். "மித்து. பின்னாடியும் ஜனம் நிக்குது. இவங்க எப்ப வந்தாங்க? நான் வரும்போது யாருமே..."

துண்டித்துப் போனது.

திரும்பத் திரும்ப அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் தமிழிலும் கன்னடத்திலும் பணிவாகச் சொன்னாள்.

கூட வேலை பார்க்கும் இளவேனிலை அழைத்தாள். தரங்கம்பாடிப் பக்கத்துப் பெண். இப்போது சந்தாபுராவில் இரண்டு தோழிகளோடு வாடகைக்கு இருந்தாள். கொம்படிமேடு என்று ஆரம்பித்ததுமே இளவேனில் குறுக்கிட்டாள்.

"அக்கா, அங்க ஊரே இல்லியே."

"சாலை இருக்குடி. பழைய மேப்புல இருக்கு."

"இருந்துச்சுக்கா. இந்த ஈசிஆர் என்ன ஒரே நாள்லயா போட்டாங்க? குப்பத்துக்குக் குப்பம் மீன் கூடை தூக்கிட்டுப் போன ரோடு, உப்பளத்து ரோடு, அதையெல்லாம் ஒட்டுப் போட்டு அகலமாக்குனதுதான். மொதல்ல மெட்ராஸ்லேர்ந்து பாண்டி வரைக்கும். அப்புறம் தெக்க நீட்டிக்கிட்டே வந்தாங்க. எங்க பக்கம் வர்றப்ப கொம்படிமேட்டு ரோட்ட சேக்கல. அதுக்கு முன்னாடியே பாதி ஊரக் கடல் எடுத்துருச்சு. ரோட்ட உள்ள தள்ளிப் போட்டாங்க. மிச்சப் பாதி சுனாமில போச்சு. ஊர்ல ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்கக்கா." அவள் குரல் இறங்கியது. "ஏன் கேக்குறீங்க?"

சங்கமித்ரா சொன்னாள்.

"மொதல்ல மூடுங்க. என் தம்பி சஞ்சய் தரங்கம்பாடிலதான் இருக்கான், பைக்க எடுத்துட்டுப் போவச் சொல்றேன். நீங்க ரோட்ட மூடுங்கக்கா!"

மூட வேண்டும். ஆமாம். மூடுவதற்கு முன் ஒரு முறை தடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடத்துக்கும் போகும் திசை காட்டும் சின்ன அம்புக்குறி உண்டு. காலையில் அதைக் கவனிக்கவில்லை. எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்த்தன. உள்ளே. தெற்கு முனையில் மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறுவதாக அவளேதான் கோடு இழுத்திருந்தாள். தடங்கள் அங்கே வரவே இல்லை. வளைவின் நடுவில், ஊர் இருந்த இடத்தில், அவை முடிந்தன. எந்தத் தடமும் திரும்பவில்லை.

சாலையை மூடினாள். கோடு மறைந்தது. நீலம் மட்டும் மிஞ்சியது. அதில் ஒரு பச்சைப் புள்ளி.

கைப்பேசி அலறியது.

"மித்து! ரோடு போயிடுச்சி! ரோட்டக் காணோம்! முன்னாடி இருந்தது... பின்னாடியும் இல்ல. தண்ணி... டோரு தெறக்க முடியல... பாப்பா, பாப்பா, மேல ஏறு, சீட்டு மேல ஏறு..."

ஜோவிட்டா கத்துவது கேட்டது. அதற்கு மேலே, அகலமாக, அவசரமே இல்லாமல், தண்ணீர்.

சங்கமித்ரா சாலையைத் திறந்தாள். எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்கள் தாமாகவே செய்தன. கோடு வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. உடனே. குழாயை மூடியது போல.

"...வந்துடுச்சி," என்றான் ஓஸ்வால்ட். பற்கள் தந்தியடித்தன. "ரோடு வந்துடுச்சி. தார் ரோடுதான். காஞ்சி கிடக்கு. மித்து, இன்னாடி இது?"

"கார விட்டுடு. பாப்பாவத் தூக்கிக்க. வந்த வழியே நட. அவங்க யாரையும் பாக்காத. நடந்துக்கினே இரு. நான் லைன்லயே இருக்கேன்."

"அவங்க வழி விடுவாங்களா?"

"விடுவாங்க. நட."

விட்டார்கள். புள்ளி திரும்பியது. கரையை நோக்கி, மிக மெதுவாக, ஒரு மனிதன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற வேகத்தில். அவன் சொல்லச் சொல்லக் கேட்டாள். எதிர்ல வராங்க, மித்து. ஆம்பள பொம்பள எல்லாம். துணியெல்லாம் ஈரம். ஒதுங்கித்தான் போறாங்க. இடிக்கல. மண்ணெண்ணெய் வாசனை மாதிரி ஒண்ணு, மீன் வாசனை, அப்புறம் பிரசவ வார்டுல வருமே அந்த மாதிரி.

"பேசாத. மூச்சு வாங்குது. நட."

அறை இருட்டிக்கொண்டிருந்தது. எழுந்து விளக்குப் போடக்கூட அவளுக்குத் துணிவில்லை. திரையின் வெளிச்சம் மட்டும் முகத்தில். மாடியில் பொரிக்கும் சத்தம் நின்றிருந்தது. தூறலும் நின்றிருந்தது. ஆனாலும் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். நெடுஞ்சாலையிலிருந்து ஒரு புள்ளி இடப்பக்கம் திரும்பியது.

வேன் வேகம். பின்னாலேயே இன்னொன்று. நெடுஞ்சாலை முழுக்கச் சிவப்பாக அடைத்துக் கிடக்கிறது, செயலிக்குக் காலியாக ஒரு வழி தெரிகிறது, அனுப்புகிறது. அவள் அனுப்புகிறாள்.

இளவேனில் இன்னொரு அழைப்பில் வந்தாள். சங்கமித்ரா மடிக்கணினியில் எடுத்தாள்.

"அக்கா, ஏன் திரும்பத் தெறந்தீங்க?"

"அவங்க உள்ள இருக்காங்க. மூடினா தண்ணி வருது."

"சஞ்சய் அங்கதான் நிக்கிறான்க்கா. ரோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அலை தடுக்கக் கருங்கல்லு கொட்டி வெச்சிருக்காங்க, அதுக்கு அந்தண்ட கடலு. ஆனா..." அவள் அழுதுவிட்டாள். "ஒரு வேன் வந்துச்சாம்க்கா. லைட்டுப் போட்டுக்கிட்டு. இவன் கைய ஆட்டிக் கத்திருக்கான். கல்லுக்கிட்ட வந்துச்சாம். அப்புறம் இல்லியாம்."

ஒருவழி. சங்கமித்ராவுக்குப் பளிச்சென்று பட்டது. ஏன் முன்பே தோன்றவில்லை? சாலையைத் திறந்தே வைத்து, வெளியே வருவதற்கு மட்டும் என்று மாற்றினால் போதும். ஓஸ்வால்ட் வரலாம். யாரும் உள்ளே போக முடியாது. மாற்றினாள். அழுத்தினாள். வேன்கள் வருவது நின்றது. நெஞ்சிலிருந்து மூச்சு வெளியே வந்தது.

"மித்து." ஓஸ்வால்ட் கிசுகிசுத்தான்.

"சொல்லு. நட, நட."

"நடக்க முடியல. எல்லாரும் நின்னுட்டாங்க. திரும்பிட்டாங்க, மித்து. எங்களப் பாக்குறாங்க. பக்கத்துல வராங்க. பாப்பா, கண்ண மூடிக்க. கண்ண மூடிக்கடா தங்கம். மித்து, இன்னா பண்ண? நீ இப்ப இன்னா பண்ண?"

"அம்மா, ஒருத்தங்க என் காலப் புடிச்சிட்டாங்க..."

மாற்றிவிட்டாள். பழையபடி. போகவும் வரவும்.

"...விட்டுட்டாங்க," என்றான். அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. "மறுபடி நடக்குறாங்க. நானும் நடக்குறேன்."

நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கார் திரும்பியது. அதன் பின்னால் ஒரு வேன்.

அப்படியென்றால் இதுதான் கணக்கு. அவர்கள் வர வேண்டுமென்றால் மற்றவர்கள் போக வேண்டும்.

"அக்கா," என்றாள் இளவேனில். "நீங்க மூடலன்னா நான் மூடுறேன்."

"வேணாம்."

"அக்கா, அந்த வண்டிங்கள்லயும் கொழந்தைங்க இருக்கும்க்கா!"

தெரியும். அது தெரியாமலா? சங்கமித்ரா கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் சங்கு ஊதும். காலனிப் பெண்கள் எல்லாரும் சமைத்தது சமைத்தபடி போட்டுவிட்டு ஓடுவார்கள். உள்ளே தீப்பிடித்துப் புகை மற்ற குழிகளுக்குப் பரவுகிறது, குழிவாயை அடைத்துவிடலாம் என்று அதிகாரிகள் சொன்ன ஒரு நாளில், அவள் அம்மாவும் மற்றவர்களும் குழிவாயில் குறுக்கே படுத்துக்கொண்டார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது வாயை மூடக்கூடாது. அடுத்த குழியில் இருந்தவர்களின் பெண்டாட்டிகள் வந்து இவர்கள் கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பா வந்தார். அடுத்த குழியிலிருந்து சிலர் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அம்மாவும் ஒரு நாளும் அதற்காக வருந்தியதில்லை.

சங்கமித்ரா சாலையின் மேல் பூட்டுப் போட்டாள். மூத்த பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. இனி அவளைத் தவிர யாரும் தொட முடியாது. இளவேனில் அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த அழைப்பை அணைத்தாள்.

அமைதி.

கைப்பேசியில் ஓஸ்வால்டின் மூச்சு. பாதங்கள் தாரில் படும் சத்தம். கரையை நோக்கி.

"எவ்ளோ தூரம் இருக்கு, மித்து?"

"கொஞ்சம்தான். கொஞ்சம்தான்பா."

புள்ளிக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை நீலம். அவன் நடந்துகொண்டே இருந்தான். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவை கரையைக் கடக்கும்போது வேகமாக இருக்கும். வளைவில் மெதுவாகும். பிறகு ஒவ்வொன்றும் பல புள்ளிகளாக உடையும். ஐந்து பேர் வந்த காரிலிருந்து ஐந்து. அவை ஊர் இருந்த இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கும். எல்லாம் ஒரே வேகத்தில்.

"பாப்பா தூங்கிட்டாளா?"

"ம்."

"குடு, பேசுறேன்."

"ம்."

"ஓஸ்வா?"

"வந்துக்கினே இருக்கோம் மித்து. மூடாத."

"மூடல."

மறுபடி நீலத்தைப் பார்த்தாள். ஒரு விரற்கடை. முன்பு பார்த்தபோது எவ்வளவோ அவ்வளவே. புள்ளி நகர்கிறது, கண்ணெதிரே நகர்கிறது, கரை அதே தூரத்தில் இருக்கிறது.

"ஓஸ்வா, உன் கால் சத்தம் ஏன் கேக்கல?"

அறையில் உப்புக்காற்று. எங்கிருந்து என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூடாத மித்து," என்றான். அதே குரல். அதே இழுப்பு. "வந்துக்கினே இருக்கோம்."

"மூடாதம்மா," என்றாள் ஜோவிட்டா, சற்றுத் தள்ளி.

"மூடாதம்மா," என்றது அவள் அறியாத ஒரு சிறுவன் குரல்.

"மூடாதீங்க." ஒரு பெண். ஒரு கிழவர். இன்னும் சிலர். ஒரு வேன் கொள்ளும் அளவு. யாரும் கத்தவில்லை. ஜெபமாலை சொல்கிற மாதிரி, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர், பொறுமையாக. புதிதாக ஒரு வண்டி வளைவில் உடையும்போதெல்லாம் குரல்கள் கூடின.

மூடிவிடு என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. அங்கே இருப்பது அவர்கள் இல்லை.

இருந்தால்?

நெடுஞ்சாலையில், நெரிசலின் சிவப்புக்கு நடுவே, பெரிய புள்ளி ஒன்று நின்று யோசிக்கிற மாதிரித் தயங்கியது. பேருந்து. நெருக்கமாக ஒட்டிய அத்தனை கைப்பேசிகள். இடப்பக்க விளக்குப் போட்டிருப்பார்கள். உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் ஜன்னல் பக்கம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அது திரும்பத் தொடங்கியது.

"மூட மாட்டேன்," என்றாள் சங்கமித்ரா, கைப்பேசியைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு. "நீ நட. நான் மூடவே மாட்டேன்."

வலது கை மவுஸை நோக்கிப் போனது. அவள் அதை எடுத்து, தன் தொடைக்கு அடியில் வைத்து, முழு பாரத்தையும் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.